அலையாத்தி மரத்துப் பூஞ்சையை ஏற்றினால் நெல் உப்பைத் தாங்குமா?

அலையாத்தி மரங்களின் இலைக்குள்ளும் வேருக்குள்ளும் பூஞ்சைகள் வாழ்கின்றன என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மரங்கள் உப்புத் தண்ணீரில் வளர்வதற்கு அவைதான் காரணமா, அப்படியென்றால் அதே பூஞ்சையை நெல்லுக்குள் ஏற்றிவிட்டால் உவர் நிலத்தில் நெல் விளையாதா என்று கேட்கிறீர்கள். ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்குள் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன. பூஞ்சை உள்ளே வாழ்கிறதா என்பது ஒன்று. அதனால்தான் மரம் உப்பைத் தாங்குகிறதா என்பது வேறு. அந்தத் தாங்கும் சக்தியைப் பூஞ்சையோடு சேர்த்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோக முடியுமா என்பது இன்னும் வேறு. முதலாவதில் சந்தேகமே இல்லை. இரண்டாவதற்கு, நீங்கள் கேட்டிருக்கும் வடிவத்தில், இல்லை என்றுதான் பதில். மூன்றாவதில் உண்மையான நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அந்த நம்பிக்கையைத் தந்த முக்கியமான சோதனைகள் வேறு செடிகளிலிருந்து எடுத்த பூஞ்சைகளைக் கொண்டு நடந்தவை. இலைகளிலிருந்து இந்தப் பூஞ்சைகளைப் பிரித்து வளர்ப்பதே பல வருடங்களாக என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உள்ளே பூஞ்சை இருப்பது எப்படித் தெரியும் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். எந்த இலையின் மேற்பரப்பிலும் காற்றில் வந்த பூஞ்சை வித்துகள் ஒட்டியிருக்கும். அவற்றைக் கொன்றுவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் உயிரோடு விட வேண்டும். இலையைக் கழுவி, அரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, 70 சதவீத எத்தனாலில் சில நொடிகள், பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஒன்றரை நிமிடம் போல, கடைசியில் கிருமி நீக்கிய தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுப்போம். பாக்டீரியா வளராமல் இருக்க ஒரு நுண்ணுயிர்க்கொல்லியைக் கலந்த அகார் என்ற வளர்ப்புக்கூழ் தட்டில் துண்டுகளை வைத்து, மூன்று நான்கு வாரம் விட்டுவிடுவோம். முதல் சில நாட்கள் எதுவும் தெரியாது. அப்புறம் துண்டின் வெட்டுப்பட்ட விளிம்பிலிருந்து மெல்லிய இழைகள் அகாரின் மேல் நீளத் தொடங்கும். பளபளப்பான மேல்தோல் பக்கம் வெறுமையாகவே இருக்கும். இழைகள் இலையின் உட்பகுதியிலிருந்துதான் வருகின்றன என்பதை அந்த விளிம்பே காட்டிவிடும். ஒரே துண்டின் ஒரு மூலையிலிருந்து வெள்ளையாக ஒன்று, எதிர் மூலையிலிருந்து கரும்பச்சையாக இன்னொன்று என்று வருவதும் உண்டு. சந்தேகம் தீர இன்னொரு சோதனையும் செய்வோம். கிருமி நீக்கிய துண்டைப் புதிய அகாரின் மேல் ஒரு முறை அழுத்தி எடுத்துவிட்டு, அந்த அச்சில் ஏதாவது முளைக்கிறதா என்று பார்ப்போம். முளைத்தால் மேற்பரப்பு சுத்தமாகவில்லை என்று பொருள். அந்தத் தொகுதி முழுவதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இந்த வழியில் உலகின் பல அலையாத்திக் காடுகளில் பார்த்திருக்கிறார்கள். இதில் ஆரம்பகால அடிப்படை வேலைகள் சில பிச்சாவரத்தில் நடந்தவை. வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே இருக்கும் அந்தக் காட்டில், டி. எஸ். சூரியநாராயணனும் வி. குமரேசனும் சேர்ந்து 1998 முதல் வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். சுரபுன்னை என்கிற ரைசோபோரா இனங்களில் தொடங்கி, மற்ற அலையாத்தி மரங்கள், பக்கத்தில் வளரும் உவர்ச்செடிகள் என்று விரிவாகப் பார்த்தார்கள். மேற்குக் கரையில் ஆனந்தாவும் ஸ்ரீதரும் 2002-இல் வேர்களில் வாழும் பூஞ்சைகளைப் பற்றி எழுதினார்கள். சீனாவின் தென்கரையிலும் பிரேசிலிலும் தாய்லாந்திலும் செய்திருக்கிறார்கள். தேடிய ஒவ்வோர் இடத்திலும் பூஞ்சை கிடைத்தது. அதனால்தான் முதல் கேள்விக்கு இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

கிடைத்தவை யார் என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கொலட்டோட்ரைக்கம், ஃபைலோஸ்டிக்டா, பெஸ்டலோஷியாப்சிஸ், ஃபோமாப்சிஸ், கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம், ஃபியூசேரியம் என்று திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் எல்லாமே நிலத்துப் பூஞ்சைகள். கடலே தெரியாத காட்டு மரத்திலும் தோட்டத்துச் செடியிலும் இதே பேரினங்கள் கிடைக்கும். ஃபைலோஸ்டிக்டா கேப்பிடாலென்சிஸ் என்ற இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்பே இல்லாத எத்தனையோ குடும்பத்துச் செடிகளின் இலைக்குள் உலகம் முழுக்க அது வாழ்கிறது. அலையாத்தி இலை அதற்குக் கிடைத்த பல இருப்பிடங்களில் ஒன்று, அவ்வளவுதான். அதன் இழைகளில் மெலனின் என்ற கருநிறமி இருக்கிறது; வறட்சியிலும் வெயிலிலும் தாக்குப்பிடிக்க அது உதவக்கூடும். உண்மையான கடல் பூஞ்சைகள் வேறு கூட்டம். அலையாத்தி வேர்களில் அவை வாழ்வதை ஆலன் கிரிப், ஜோன் கிரிப் இருவரும் 1955-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பதிவு செய்தார்கள். அந்தக் கூட்டம் பெரும்பாலும் நீரில் மூழ்கிக் கிடக்கும் செத்த மரக்கட்டையிலும் வேரிலும் வாழ்வது. தண்ணீருக்கு மேலே நிற்கும் பச்சை இலைக்குள் அவற்றைப் பார்ப்பது அபூர்வம். படித்த செய்திகளில் இந்த இரண்டு கூட்டமும் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான், அலையாத்திப் பூஞ்சை என்றாலே கடலில் பிறந்து உப்பில் ஊறியது என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

சரி, நிலத்துப் பூஞ்சை இலைக்குள் எப்படிப் போகிறது? சில புல் வகைகளில் பூஞ்சை விதை வழியாகவே தாயிலிருந்து பிள்ளைக்குப் போகும். மரங்களில் பொதுவாக அப்படி இல்லை. காற்றிலும் மழைத்துளியிலும் வரும் வித்துகள் இலை மேல் விழுந்து, ஈரம் கிடைத்ததும் முளைத்து, இலைத்துளை வழியாகவோ மேல்தோலைத் துளைத்தோ உள்ளே போகின்றன. அதனால் இளந்தளிரில் பூஞ்சை குறைவாகவும் முதிர்ந்த இலையில் அதிகமாகவும் இருக்கும். ரைசோபோரா அப்பிக்குலேட்டாவின் இளம் இலை, முதிர்ந்த இலை, பழுத்த இலை மூன்றையும் ஒப்பிட்ட 2002-ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் வயது ஏற ஏற பூஞ்சை கூடுவது தெரிகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது.

உப்பை மரம் எப்படிச் சமாளிக்கிறது என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ரைசோபோரா அதில் மிகப் பெரும் பங்கை வேரிலேயே நிறுத்திவிடுகிறது. வேரின் உள்ளடுக்குச் சுவர்களில் படிந்திருக்கும் சுபரின் என்ற மெழுகுத் தன்மையுள்ள பொருள், தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கிறது. கண்டல் என்கிற அவிசீனியாவும் வேரில் வடிகட்டும். அதையும் மீறி மேலே வரும் உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளும். வெயில் ஏறிய நேரத்தில் அதன் இலையைத் தடவினால் விரலில் உப்புப் பொடி நெருடும். உமரி போன்ற சதைப்பற்றுள்ள உவர்ச்செடிகள் உப்பை உள்ளே எடுத்து, செல்லின் நடுவிலுள்ள குமிழியில் அடைத்து வைக்கின்றன. 1960-களில் பெர் ஸ்கோலாண்டர் என்ற உடலியல் அறிஞர் அலையாத்தி நாற்றுகளின் வேரை அழுத்தக் கலத்தில் வைத்து ஒரு சோதனை செய்தார். உயிர்ச் செயலை முடக்கும் நஞ்சைக் கொடுத்துப் பார்த்தார், வேரைக் குளிரவைத்தும் பார்த்தார். இரண்டிலும் வேர் உப்பை வடிகட்டிக்கொண்டே இருந்தது. வடிகட்டல் வேரின் கட்டமைப்பு செய்யும் இயற்பியல் வேலை என்பதற்கு இது நேரடிச் சான்று. நஞ்சு கொடுத்தால் உள்ளேயிருக்கும் பூஞ்சையும்தான் முடங்கும். அப்படியும் வடிகட்டல் நிற்கவில்லை என்றால், அதைப் பூஞ்சையின் கணக்கில் எழுத முடியாது. இலை விஷயமும் அப்படித்தான். பூஞ்சை அதிகம் குடியேறாத இளந்தளிர் அதே உப்பு நீரில் எந்தக் குறையும் இல்லாமல் வளர்கிறது.

அப்படியானால் பூஞ்சை சும்மாதான் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இங்கே வருவது வேறு மாதிரியான உறவு. இந்தப் பூஞ்சைகளில் பலவற்றின் நெருங்கிய உறவினங்கள் நோய்க்கிருமிகள். உள்ளே வந்த பூஞ்சை பரவப் பார்க்கிறது. செடி அதைக் கட்டுப்படுத்துகிறது. இரண்டும் ஒன்றையொன்று வெல்லாத நிலையில் நோய்க்குறி எதுவும் இல்லாமல் காலம் போகிறது. இந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பதை 1993-இல் ஃப்ரீமனும் ரோட்ரிகஸும் காட்டினார்கள். பூசணிக் குடும்பச் செடிகளில் நோய் உண்டாக்கும் ஒரு கொலட்டோட்ரைக்கம் இனத்தில் ஒரே ஒரு மரபணு மாற்றம் நோய் உண்டாக்கும் திறனை நீக்கிவிட்டது. மாறிய பூஞ்சை செடிக்குள் அமைதியாக வளர்ந்ததோடு, அசல் நோய்க்கிருமியிலிருந்து செடியைக் காக்கவும் செய்தது. கோக்கோ மரத்தில் 2003-இல் எலிசபெத் அர்னால்டும் குழுவும் செய்த வேலையும் இதே திசையில்தான். பூஞ்சை ஏற்றிய இலைகளில் ஃபைட்டோஃப்தோரா நோயின் சேதம் குறைந்தது. ஆக, உள்வாழ் பூஞ்சை நோயிலிருந்து காக்கலாம் என்பதற்கு மரங்களில் ஆதாரம் உண்டு. அலையாத்தியிலும் அப்படி நடக்க வாய்ப்பிருக்கிறது என்பது என் எண்ணம். நிரூபணம் என்று அதைச் சொல்ல மாட்டேன்.

எனக்கு அதிகம் நம்பிக்கையுள்ள பங்கு இலை உதிரும்போது தொடங்குகிறது. சுரபுன்னை இலையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். வெளியிலிருந்து வரும் பல நுண்ணுயிர்களுக்கு அது தடை. ஆனால் பல மாதங்கள் அந்த இலைக்குள்ளேயே இருந்த பூஞ்சைக்கு அது பழகிய சூழல். இலை மஞ்சளாகி விழும்போது பூஞ்சை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. செல்லுலோஸையும் பெக்டினையும் உடைக்கும் நொதிகளும் அதனிடம் இருக்கின்றன. முதல் ஆளாகத் தின்னத் தொடங்கிவிடுகிறது. தண்ணீரில் விழுந்த இலையில் போட்டி உடனே வந்துவிடும். ஹாலோஃபைட்டோஃப்தோரா என்ற, பூஞ்சை போலத் தெரிந்தாலும் வேறு வம்சத்தைச் சேர்ந்த உயிர், ஓரிரு நாட்களிலேயே மூழ்கிய இலையைப் பிடித்துக்கொள்ளும். மீதியை நண்டுகளும் பாக்டீரியாவும் பார்த்துக்கொள்ளும். அலையாத்திக் காட்டின் உணவுச் சங்கிலி பெருமளவு உதிர்ந்த இலையில் நிற்கிறது. அதைச் செரிமானத்துக்குத் தயார்செய்யும் முதல் கையாக உள்வாழ் பூஞ்சை இருப்பது, உப்பைத் தாங்க வைக்கிறது என்ற கதையைவிடக் குறைந்த பெருமை இல்லை. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம்தான்.

இப்போது மூன்றாவது கேள்வி. பூஞ்சையால் ஒரு செடிக்கு உப்பைத் தாங்கும் சக்தி வருமா என்றால், வரும். சில செடிகளில் அது நன்றாகக் காட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரை மணல்மேடுகளில் வளரும் லைமஸ் மோல்லிஸ் என்ற புல்லுக்குள் ஃபியூசேரியம் குல்மோரம் வாழ்கிறது. ரஸ்டி ரோட்ரிகஸ், ரெஜினா ரெட்மன் குழு 2008-இல் வெளியிட்ட முடிவு இது: கடற்கரைப் புல்லிலிருந்து எடுத்த பூஞ்சை ஏற்றினால் செடி உப்பைத் தாங்கியது, அதே இனத்தை உப்பில்லாத இடத்திலிருந்து எடுத்து ஏற்றினால் தாங்கவில்லை. பூஞ்சையின் பெயரைவிட அது வாழ்ந்த இடம் முக்கியமாகிறது. இதே குழு எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுப் பகுதிப் புல்லில், வெப்பத்தைத் தாங்க உதவும் கர்வுலேரியா பூஞ்சையையும் கண்டது. அந்தப் பூஞ்சைக்குள் ஒரு வைரஸ் இருந்தால்தான் வெப்பம் தாங்கும் குணம் வருகிறது என்பது 2007-இல் தெரிந்தது. செடிக்குள் பூஞ்சை, பூஞ்சைக்குள் வைரஸ், மூன்றும் சேர்ந்தால்தான் பலன். பூஞ்சையை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் எதைத் தவறவிடுவோம் என்று ஒவ்வொரு முறையும் இது என்னை யோசிக்க வைக்கிறது.

நெல்லிலும் செய்திருக்கிறார்கள். 2011-இல் ரெட்மன் குழு அந்தக் கடற்கரைப் பூஞ்சையை நெல்லுக்குள் ஏற்றியபோது, பசுமைக்குடிலில் நெல் உப்பைக் கூடுதலாகத் தாங்கியது. குடிலில் வளர்ந்த செடிகள் எடுத்துக்கொண்ட தண்ணீர் 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. தார் பாலைவன மண்ணில் கண்டெடுத்த பிரிஃபார்மோஸ்போரா இன்டிகா என்ற வேர்ப் பூஞ்சை பார்லியை உப்பு தாங்க வைத்ததை 2005-இல் ஜெர்மனியிலிருந்து காட்டினார்கள். கொரியக் குழு ஒன்று 2012-இல் வெள்ளரியிலிருந்து எடுத்த பெசிலோமைசஸ் பூஞ்சை, ஜிபெரெலின், ஆக்சின் ஆகிய வளர்ச்சி ஹார்மோன்களைச் சுரந்து உப்பில் வெள்ளரிச் செடியைக் காப்பாற்றுகிறது என்றது. இவற்றில் எதுவும் அலையாத்தியிலிருந்து வந்ததில்லை என்பதைக் கவனியுங்கள். உப்பு நிலத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று கடைசி எடுத்துக்காட்டு சொல்கிறது. அலையாத்திப் பூஞ்சைகளை உப்பு கலந்த அகாரில் வளர்த்தால் பல நன்றாகவே வளரும். ஆனால் தட்டில் தான் உப்பைத் தாங்குவது, செடியைத் தாங்க வைப்பது ஆகாது. பூஞ்சை தன் செல்லுக்குள் கிளிசெரால் சேர்த்துச் சமாளித்துக்கொள்கிறது. அந்தக் கிளிசெரால் செடியின் சோடியத்தை ஒன்றும் செய்யாது. உப்புத் தாங்கும் பூஞ்சை என்ற தலைப்போடு வரும் செய்திகளில் பாதி இந்த இடத்தில்தான் நிற்கின்றன.

அளவையும் பார்க்க வேண்டும். உப்பு கூடக் கூட ஏறும் மண் சாற்றின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸைத் தாண்டினால் அதை உவர் மண் என்கிறோம். நெல்லுக்கு 3-ஐத் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும். கடல் நீரில் அது சுமார் 50. பூஞ்சை உதவினால் நெல் இப்போது தாங்கும் அளவிலிருந்து கொஞ்சம் மேலே போகலாம். லேசாக உவர்ந்த வயலில் அந்தக் கொஞ்சமே விளைச்சலுக்கும் விளையாமைக்கும் உள்ள வித்தியாசமாக இருக்கலாம், அதனால் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அலை வந்துபோகும் சேற்றில் நெல் என்ற கனவுக்கு வேரின் சுவரையே மாற்ற வேண்டியிருக்கும்.

நான் சொன்னதில் எங்கே வலு குறைவு என்றும் சொல்லிவிடுகிறேன். தட்டில் வளர்த்துப் பார்க்கும் முறை வேகமாக வளரும் பூஞ்சைகளுக்குச் சாதகம். மெதுவாக வளர்பவை அடியில் அமுங்கிப்போகும். வித்தே உண்டாக்காத மலட்டு இழைகள் ஒவ்வொரு ஆய்விலும் ஒரு பங்கு வந்துகொண்டே இருக்கும், அவற்றைப் பார்வையில் அடையாளம் காண முடியாது. டிஎன்ஏ முறையில் இன்னும் நிறைய இனங்கள் தெரிகின்றன. 2012-இல் பூஞ்சைகளுக்கான பொது அடையாளப் பகுதியாக ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ துண்டு ஏற்கப்பட்டது. ஆனால் கொலட்டோட்ரைக்கம் போன்ற பேரினங்களில் அது இனத்தைப் பிரிக்கப் போதாது. அதனால் பழைய பட்டியல்களில் உள்ள இனப் பெயர்களை அப்படியே நம்ப வேண்டாம். பேரினம் வரை நம்பலாம். வேரைப் பற்றி நான் சொன்னது பெரும்பாலும் படித்தது. என் கை பழகியது இலையில். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வேர்ப் பூஞ்சைகள் வாழ்வது கடினம் என்றாலும், அலையாத்தி வேரின் காற்றறைகள் உள்ளே ஆக்சிஜனைக் கொண்டுவருகின்றன. மைக்கோரைசா என்ற, வேரோடு கூட்டுவாழ்வு நடத்தும் பூஞ்சை வகைகளும் சில இடங்களில் பதிவாகியிருக்கின்றன. மரத்துக்கு எரியம் (பாஸ்பரஸ்) கிடைப்பதில் அவற்றுக்குப் பங்கு இருக்கலாம். உப்பு விஷயத்தில் ஏதாவது ஆச்சரியம் காத்திருந்தால் அது வேரிலிருந்துதான் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

மருந்து பற்றியும் எங்காவது படித்திருப்பீர்கள். தென்சீனக் கடற்கரை அலையாத்தியிலிருந்து எடுத்த சைலேரியா பூஞ்சையில் சைலோகீட்டல் என்ற புதிய சேர்மங்கள் 2001-இல் கிடைத்தது உண்மை. ஆனால் உள்வாழ் பூஞ்சை புற்றுநோய் மருந்தான டாக்சாலைச் சுரக்கிறது என்று 1993 முதல் சொல்லப்பட்டுவந்ததை, 2013-இல் ஜெர்மனியில் மறுபடி சோதித்தபோது பூஞ்சை தானாக அதை உருவாக்குவதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இந்தத் துறையில் கண்டுபிடிப்பு என்று வரும் செய்தியை இன்னொரு கூடம் உறுதிசெய்யும் வரை பொறுத்திருப்பது நல்லது.

நீங்களே சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டால், ஆய்வக வசதியோடு தொட்டியில் செய்யலாம். வயலில் ஊற்ற வேண்டாம். நெல்லுக்கு உதவிய அதே ஃபியூசேரியம் குல்மோரம் இனத்தின் வேறு வகைகள் தானியப் பயிர்களில் நோய் உண்டாக்கி, தானியத்தில் டிஆக்சிநிவலெனால் என்ற நஞ்சைச் சேர்ப்பவை. கண்டலில் அமைதியாக இருந்த பூஞ்சை நெல்லிலும் அமைதியாக இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. தொட்டியில் செய்யும்போது நான்கு கூட்டம் வையுங்கள்: பூஞ்சையும் உப்பும் இல்லாதது, பூஞ்சை மட்டும், உப்பு மட்டும், இரண்டும் உள்ளது. இவற்றோடு கொன்ற பூஞ்சையை ஏற்றிய கூட்டம் ஒன்றும் உப்பில் இருக்கட்டும். பூஞ்சையிலுள்ள ஊட்டச்சத்து மட்டுமே செடியை வளர்த்ததா என்று அதில் தெரிந்துவிடும். கடைசியில் இலையிலும் வேரிலும் சோடியம், பொட்டாசியம் இரண்டையும் அளந்து, செடியிலிருந்து பூஞ்சையைத் திரும்பப் பிரித்தெடுத்து, ஏற்றியது அதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். செடி செழித்திருந்தும் பூஞ்சை உள்ளே கிடைக்கவில்லை என்றால், அந்தச் செழிப்புக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.